இரண்டாம் பிளாட்பாரத்தில் ஒரு பரோட்டாக் கடை

போலிப் பத்திரம் பெருகிவிட்டது என்று அரசாங்கம் ஓர் இயந்திரம் வாங்கியது. பெயர் மெய்யறி. கையெழுத்து, முத்திரை, ரேகை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஏமாந்து சலித்த பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கடைசியில், எழுதியிருப்பதை நம்பாதே, தாளின் வயதைப் பார் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பது வருஷத்து உண்மை என்றால் அதன்மேல் ஐம்பது வருஷத்து அழுக்கு இருக்க வேண்டுமாம். மாநிலத்திலுள்ள பத்திரம், பதிவேடு, பழைய படம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மெய்யறி வாரியெடுத்து மோந்து பார்க்கும். மார்க் போடும். தொண்ணூறுக்கு மேல் மெய், முப்பதுக்குக் கீழ் பொய். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் செருப்புத் தேயும்.

விருதுநகரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவராவது எங்கள் பஜாரில் அரைநாள் உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம். நேற்றுச் செய்த நாற்காலியைச் செட்டிநாட்டுப் பழசு என்று விற்கிறவன் என்னிடம்தான் வார்னிஷ் வாங்குகிறான்.

என் வாடிக்கையாளர்களில் விசித்திரமானவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் மாடி அறையில் ரயில் விட்டார். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் எஞ்சின், பெட்டி, தண்டவாளம், நிலையம். போர்ட்டர் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். பதினோரு வருஷ உழைப்பு. அவர் மனைவி அந்த அறையில் கடைசியாகத் துணி காயப்போட்டதும் பதினோரு வருஷத்துக்கு முன்புதான்.

இந்தச் சின்ன ரயில்காரர்களுக்கு நாடு முழுக்க ஒரு சங்கம் உண்டு. ஆச்சாரம் கடுமையானது. இல்லாத ஊருக்கு ரயில் விடலாம், தப்பில்லை. ஆனால் அந்த ரயில் ஏன் வந்தது, எப்போது வந்தது, யார் நிலத்தில் வந்தது என்று முழு வரலாறு வேண்டும். ஆவுடையப்பனின் நிலையத்துக்குப் பெயர் ‘உலக்கைப்பட்டி ரோடு’. 1931இல் திறப்பு. காலஅட்டவணை, அட்டை டிக்கெட், இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குள் நடந்த லெட்டர் சண்டை, 1954இல் ஓர் எருமை அடிபட்டதற்கான விசாரணை அறிக்கை, எல்லாவற்றையும் அவரே எழுதி, டீத்தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார். கற்பனை ரயிலைக் கற்பனை நிலத்தில் ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று பழைய சர்வே வரைபடம் ஒன்றைத் தேடிப்பிடித்து, வெறும் கரிசல் காடாகக் கிடந்த 214ஆம் சர்வே எண்ணில் நிலையத்தை வைத்தார்.

“அழுக்குதான்யா உசுரு, ரத்தினசாமி,” என்பார், பல்குச்சி நுனியில் சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டே. “புதுசா எவன் வேணா செஞ்சிருவான். இந்தச் செவுத்துல வெத்தல எச்சி எங்க விழும், எவ்வளவு ஒழுகும், மழையில எத்தன வருஷத்துல வெளுக்கும்? அதுல இருக்கு வேல.”

எச்சில் துப்புவதற்கு இவ்வளவு கணக்குப் பார்த்த ஒரே தமிழர் அவர்தான்.

மெய்யறி வந்த இரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பைபாஸில் செல்லக்கனியின் கடையில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்லக்கனிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஐந்து நாள் ஊரில் இருந்தால் அதிசயம். முன்னால் கடை, பின்னால் வீடு. பன்னிரண்டு சென்ட். அவள் மாமியார் வாங்கிப்போட்டது. சாலையோரக் கடை என்று எவனும் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம். வருஷா வருஷம் பொங்கலுக்கு என்னிடம் நீலப் பெயின்ட் வாங்கி அடிப்பாள். மேஜையில் ஈ உட்கார்ந்தால் அதற்கே வெட்கமாக இருக்கும்.

அன்றைக்கு அவள் முகம் சரியில்லை. கையில் ஒரு தாள்.

“அண்ணாச்சி, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நான் ரயில்வே பிளாட்பாரத்துல கடை போட்டிருக்கேனாம்ல?”

“இங்க ஏதும்மா ரயிலு? பதினாலு கிலோமீட்டர் போகணும்.”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

வாங்கிப் படித்தேன். சர்வே எண் 214, உலக்கைப்பட்டி ரோடு நிலையத்தின் இரண்டாம் பிளாட்பாரத்தில் தாங்கள் அத்துமீறிக் குடியிருப்பது மெய்யறியால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. மெய்மை: 97. முப்பது நாட்களுக்குள் காலி செய்யவும். ஆதாரமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இணைத்திருந்தார்கள். ஓட்டுக் கட்டடம், பெஞ்சு, படுத்திருக்கும் நாய், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி.

கையிலிருந்த பரோட்டா பாதி வழியில் நின்றது. அந்தத் தண்ணீர்த் தொட்டி, போன மழைக்காலத்தில் நான் குடித்து முடித்த இருமல் மருந்தின் மூடி. ஆவுடையப்பன் கேட்டார் என்று கழுவிக் கொடுத்தது நான்தான்.

“கல்லை அணச்சிட்டு வா,” என்றேன். “உன் பிளாட்பாரத்தக் காட்டுறேன்.”

மாடியில் ஆவுடையப்பன் நோட்டீஸை மூக்குக் கண்ணாடி போட்டும் போடாமலும் இரண்டு தடவை படித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“தொண்ணூத்தேழா!” என்றார். பிறகு குரல் இறங்கியது. “மூணு மார்க்கு எங்க போச்சாம்?”

“சார், அந்தம்மா வீடு போகப்போகுது.”

“அது தெரியுதுய்யா. நாய் நிழலாத்தான் இருக்கும். நான் அப்பவே நெனச்சேன்.”

செல்லக்கனி அவரைக் கவனிக்கவில்லை. மேஜையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். குனிந்து, தண்டவாளத்தையும் டிக்கெட் ஜன்னலையும் பார்த்தாள். கோபமாகத்தான் வந்தாள், ஆனால் சாமான்கள் அவ்வளவு சின்னதாக இருந்தால் கோபப்படுவது யாருக்கும் சிரமம்.

“இதுல என் கடை எங்க வரும் சார்?”

ஆவுடையப்பன் பல்குச்சியால் காட்டினார். “இந்தா, இந்த பெஞ்சுக்கும் நாய்க்கும் நடுவுல.”

“நாய்க்கு எடம் விட்டிருக்கீக. நல்லது.” நிமிர்ந்தாள். “எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக. ஒருத்தி பன்னெண்டாப்பு. அந்தப் பன்னெண்டு சென்ட்டு போச்சுன்னா நாங்க லாரியிலதான் குடியிருக்கணும். வெளாட்டுச் சாமானுதான்னு ஆபீஸ்ல வந்து சொல்லுங்க சார், போதும்.”

‘விளையாட்டுச் சாமான்’ என்றதும் அவருக்கு வலித்தது. ஆனாலும் வந்தார். நிலையக் கட்டடத்தை மட்டும் பெயர்த்து, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, பிரசவ வார்டில் குழந்தையைத் தூக்குகிறவர் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

மெய்யறி அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவள் பரிமளா என்ற அதிகாரி. நல்ல பெண். பரிதாபப்படுவதற்கென்றே அரசாங்கம் ஒவ்வொரு அலுவலகத்திலும் இப்படி ஒரு நல்லவரை வைத்திருக்கிறது.

“இதப் பாத்துத்தான் உங்க மெஷின் ஏமாந்திருக்கு மேடம்,” என்று பெட்டியைத் திறந்தேன். “இது பிளாஸ்டிக்கு. இது தீப்பெட்டி அட்டை. இது இருமல் மருந்து மூடி.”

அவள் நிலையத்தை இயந்திரத்தின் கண்ணுக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் உறுமியது. திரையில் வந்ததை வாசித்தாள். “மூல நிலையத்தைப் பார்த்து அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட நகல். வேலைப்பாடு சுமார்.”

“சுமாரா?” என்று ஆவுடையப்பன் எழுந்தே விட்டார்.

“சார், இருங்க. மேடம், மூலமே இதுதான். வேற ஸ்டேஷனே கெடையாது. ஊர்ல யார வேணா கேளுங்க.”

“மனுசங்க சொல்றத நம்புறதா இருந்தா மெஷின் எதுக்குங்க?” பரிமளா உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னாள். “உங்க பத்திரத்தக் குடுங்கம்மா, அதாவது பாக்கலாம்.”

செல்லக்கனி பையிலிருந்து எடுத்தாள். மாமியார் 1988இல் முத்துவீரன் என்பவரிடம் வாங்கிய கிரயப் பத்திரம். கண்ணாடி மாதிரி லேமினேஷன் போட்டிருந்தாள். இயந்திரம் உறுமக்கூட இல்லை.

“இருபத்திரண்டு.”

“என்னது?”

“லேமினேஷன் போட்டுட்டீங்கல்ல. உள்ள இருக்கற தாள்ல காத்துப் படல, தூசி படல, கை படல. வயசே ஆகலைங்குது.”

“அழுக்காகக் கூடாதுன்னுதானங்க போட்டேன்! பத்திரமா வச்சிக்கணும்னுதான நாலு பேரு சொன்னாக!”

“உங்களாட்டம் தெனம் நாப்பது பேரு வர்றாங்கம்மா. லேமினேஷன் போடாத ஆளே இந்த ஜில்லாவுல இல்ல.” அவள் கடையின் படத்தையும் பார்த்தாள். புத்தம்புது நீலப் பெயின்ட். “இதுக்கு ஒன்பது.”

அந்தப் பெயின்டை விற்றவன் என்ற முறையில் நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

பரிமளா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு சொல்றேன். இருக்கற ஸ்டேஷன இல்லைன்னு ஆக்க எங்ககிட்ட ஃபாரமே கெடையாது. ஆனா மூடிப்போன ஸ்டேஷனுக்கு ஃபாரம் இருக்கு. லைனை எடுத்துட்டு, நெலத்தப் பழைய சொந்தக்காரருக்கே குடுத்துட்டாங்கன்னு ஆதாரம் வந்தா, மெஷின் ஒத்துக்கும்.”

எனக்குப் புரிந்தது. செல்லக்கனிக்கும் புரிந்தது. இரண்டு பேரும் ஆவுடையப்பனைப் பார்த்தோம். அவர் அட்டைப்பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அன்று மாலை மாடியில் நடந்தது சுத்தமான வியாபாரம். அதில் நான் பிறந்ததிலிருந்து பழகியவன். தரகன் இடத்தில் உட்கார்ந்தேன்.

“ரெண்டாம் பிளாட்பாரத்த மட்டும் எடுத்துர்றேன்,” என்றார் ஆவுடையப்பன்.

“பிளாட்பாரத்த எடுத்தா தண்டவாளம் எங்க வீட்டு அடுப்படியில போகுது சார்,” என்றாள் செல்லக்கனி. “முழுசா எடுங்க.”

“சரி, எண்பத்தஞ்சுல மூடறேன். கடைசி நீராவி வண்டி ஓடி முடிச்சிரட்டும்.”

“எங்கத்தை எண்பத்தெட்டுல வாங்கிருக்காக. மூணு வருசத்துல எந்த ரயில்வேக்காரன் நெலத்தத் திருப்பிக் குடுப்பான்? அறுவதுல மூடுங்க.”

“அறுபதா! அறுபத்தஞ்சுலதானம்மா புதுப் பாலமே கட்டறோம்!”

“கட்டாட்டிப் போகுது.”

“ரத்தினசாமி, பாலம் கட்டுன காண்ட்ராக்டருக்கு நான் கொடுத்த லெட்டரே பதினாலு பக்கம்யா!”

நான் ஆவுடையப்பனைத் தனியாக ஜன்னலோரம் கூப்பிட்டுப் பேசினேன். பிறகு செல்லக்கனியைக் கூப்பிட்டுப் பேசினேன். இரண்டு பேரிடமும் எதிராளி மசியவே மாட்டேன் என்கிறார் என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். எழுபத்திரண்டில் முடிந்தது. பாலம் பிழைத்தது. ரயில் செத்தது. கைகாட்டி மரம் ஒன்றை மட்டும் நிற்கவிட வேண்டும் என்று ஆவுடையப்பன் கேட்டார். செல்லக்கனி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தாள்.

முதல் தண்டவாளத்தைப் பெயர்க்க அவருக்குக் கை வரவில்லை. குறடை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் இழுத்தேன். ஊக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் தோள் குலுங்கியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேலி செய்ய நல்ல வாய்ப்பு, தவறவிட்டேன்.

பிறகு ஒன்பது நாள் வேலை. ஓட்டைப் பிரித்தார், உத்திரத்தைச் சாய்த்தார், தண்டவாளம் கிடந்த தடத்தில் சீமைக்கருவேலம் வளர்த்தார். செல்லக்கனி தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் யோசனையும் சொல்ல ஆரம்பித்தாள்.

“சார், ஆளில்லாத கட்டடம்னா ஆட்டுப் புழுக்கை கெடக்கணும்ல? நாலு கடுகத் தூவுங்க.”

“இந்த அளவுல கடுகு போட்டா பூசணிக்கா ஆயிரும்மா.” யோசித்தார். “மிளகுத்தூளச் சலிச்சா அடியில நிக்கும் பாரு, அது கொண்டா.”

பத்திரத்தின் லேமினேஷனை அவளே பிரித்தாள். துணி போட்டு, இஸ்திரிப்பெட்டி வைத்து, இளக்கி, ஓரம் ஓரமாக. மாமியாரின் கைநாட்டு வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடையப்பன் டீத்தண்ணீரைத் தொட்டபோது, “சார், சார்பதிவாளர் கையெழுத்து மேலயா?” என்று பதறினாள்.

“அவரு டீ குடிக்க மாட்டாரா?” என்றார் அவர்.

அசல் பத்திரம் என்று நிரூபிக்க அதைப் போலி மாதிரித் தயாரிக்க வேண்டியிருந்தது. இதை எந்தச் சட்டப் பிரிவில் சேர்ப்பது என்று வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். தன் வீட்டுப் பத்திரத்துக்கும் சொல்லிவைக்க முடியுமா என்று இரண்டு நாள் கழித்து போன் செய்தார்.

படங்கள் போயின. மூடுதல் ஆணை, நிலத்தை முத்துவீரனிடம் திருப்பிக் கொடுத்த ரசீது, ஊர்க்காரர்கள் மூடாதே என்று அனுப்பிய மனு, எல்லாம் போயின. மனுவில் பதினெட்டுக் கையெழுத்து, பதினெட்டும் ஆவுடையப்பனுடையது. இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. நிலையம் 1972இல் மூடப்பட்டது மெய். செல்லக்கனியின் பத்திரம் தொண்ணூற்று நான்கு. அவள் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆம்லெட் இலவசம் என்றாள். ஆவுடையப்பன் வந்து ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போனார். மூடிய நிலையத்துக்கு மெய்யறி நூற்றுக்கு நூறு போட்டிருந்தது. அதை அவர் சங்கத்துக்குக்கூடச் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பெயின்ட் விற்றிருப்பேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நான் செல்லக்கனி கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமளா அங்கேயே வந்தாள். கையில் ஒலிப்பதிவுக் கருவி.

“மெஷினுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு,” என்றாள். “தாளை மட்டும் நம்பினா ஏமாத்திர முடியுதுன்னு மேல யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. இப்ப மனுசங்க ஞாபகத்தையும் சேத்துக் கேக்குது. இந்த லைன் நாப்பத்தோரு வருசம் ஓடியிருக்கு, ஆனா உயிரோட இருக்கற ஒருத்தருக்கும் ஞாபகமில்லைன்னா எப்படின்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருச்சு. சாட்சி இல்லைன்னா ஃபைல மறுபடி திறந்துருவாங்க. இன்னைக்குக் கடைசி நாள்.”

செல்லக்கனி பரோட்டாவைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஆவுடையப்பனைத் தேடினேன். மூலை மேஜையில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்குத் தாளில்தான் பொய் வரும், வாயில் வராது.

“ஏன் ஞாபகமில்லாம?” என்று ஒரு குரல் கேட்டது.

ஜன்னலோர மேஜையில் பொம்மையா. எண்பத்துமூன்று வயது. தினமும் காலையில் வந்து ஒரு டீக்கு ஒரு பேப்பர் முழுவதையும் படித்துவிட்டுப் போகிற பெரியவர். அவரிடம் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கவில்லை. சத்தியமாக இல்லை.

“எங் கல்யாணத்துக்கு அந்த வண்டியிலதான போனேன். மூடுன வருசத்துக்கு முந்துன வருசம். பொட்டியில கூட்டம் தாங்கல. எங்க மாமன் வேட்டி கதவுல மாட்டிக் கிழிஞ்சு போச்சு. கைகாட்டி மரம் இன்னும் நிக்குதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, அதுக்கடியிலதான் எறங்குனோம்.” அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். நாற்பது வருஷமாகச் சரக்கு பார்த்து வாங்குகிறவன் நான், அது நடிப்பில்லை.

பரிமளா செல்லக்கனி பக்கம் திரும்பினாள். “நீங்கம்மா?”

செல்லக்கனி என்னைப் பார்க்கவில்லை. பரோட்டாவைத் திருப்பிப் போட்டாள். “நான் பாக்கல மேடம். எங்கத்தை சொல்லுவாக. அந்த பிளாட்பாரத்துல வடை சுட்டு வித்தாகளாம். அந்தப் பழக்கத்துலதான் இந்த எடத்தையே வாங்குனாக.”

மூலையில் ஆவுடையப்பன் தலை நிமிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “என்ன வடை?” என்று கேட்டார்.

“உளுந்த வடை,” என்றாள் அவள், கண்ணிமைக்காமல்.

அவர் குறித்துக்கொண்டார்.

“இன்னும் ஒரு சாட்சி வேணுங்க,” என்றாள் பரிமளா. “மூணு இருந்தாத்தான் எடுத்துக்கும்.”

“இந்தா இருக்காருல்ல,” என்று பொம்மையா என்னைக் காட்டினார். “இவுக அப்பாரு மொளகாவத்தல் கமிஷன் கடை வச்சிருந்தாக. மெட்ராஸுக்குப் போற மூட்டை பூராவும் அந்த ஸ்டேஷன்லதான ஏறும்? ஏன் அண்ணாச்சி?”

ஒலிப்பதிவுக் கருவி என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. என் அப்பா வற்றல் மூட்டைகளை லாரியில்தான் அனுப்பினார். லாரிக்காரனோடு அவர் போட்ட சண்டைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். வியாபாரத்தில் ஆயிரம் சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த மூட்டை எதில் போனது என்று பொய் சொன்னதில்லை. கல்லில் பரோட்டா கருகுகிற வாசனை வந்தது. செல்லக்கனி எடுக்கவில்லை.

“ஆமா,” என்றேன். “வாரத்துக்கு நாப்பது மூட்டை ஏறும்.”

“நாப்பதா?” பொம்மையா விடவில்லை. “அறுவதுக்குக் கொறையாது. நானே பாத்திருக்கேன்.”

“அறுபது மூட்டைக்கு அந்தச் சரக்குக் கொட்டகையில எடம் ஏது பெரியவரே? சின்னக் கொட்டகைல்ல அது?”

“வெளியில அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுவாக. உங்களுக்கு மறந்து போச்சு.”

“நாப்பத்தஞ்சு வச்சிக்கிருவோம்.”

“அம்பத்தஞ்சு.”

ஐம்பதில் முடித்தோம்.